பேரி மரம் இலை உதிர்த்த பின்: ஏற்காட்டுத் தோட்டக்காரருக்கு ஒரு குளிர்கால வழிகாட்டி

ஏற்காட்டில் பேரிக்காய் ஆடி, ஆவணியில் இறங்கிவிடும். புரட்டாசிக்கு மேல் சாலையோரக் கடைகளில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து, கார்த்திகையில் மூடுபனி இறங்கியதும் மரம் இலையைப் பழுக்கவிட்டுக் கொட்டத் தொடங்கும். தை கடைசியிலோ மாசியிலோ பூக்கும்வரை அதில் பறிக்கவும் ஒன்றும் இல்லை, விற்கவும் ஒன்றும் இல்லை. "இனிமேல் சும்மாதானே இருப்பீங்க?" என்று சேலத்திலிருந்து மேலே வரும் உறவினர்கள் கேட்கும் காலம் இது.

சும்மா இருக்கவும் கொஞ்சம் நேரம் வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அடுத்த ஆடியில் எத்தனை கூடை இறங்கும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டரை மாதத்தில்தான் முடிவாகிறது. அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: கத்தரியை எடுப்பதற்கு முன் மரத்தைப் பாருங்கள். இலை இருக்கும்போது பேரி தன் உடம்பைக் காட்டாது. எந்தக் கிளை எதன்மேல் உரசுகிறது, எங்கே பட்டை வெடித்திருக்கிறது, எந்தப் பக்கம் நான்கு வருஷமாகக் காய்க்கவில்லை என்பதெல்லாம் இப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நம் மலையில் பல நல்ல பேரி மரங்கள் கெட்டது பூச்சியால் அல்ல, காபிப் பறிப்புக்கு நடுவே கிடைத்த அரை நாளில் அவசர அவசரமாக வெட்டப்பட்டதால்.

இந்த மரம் ஏன் உறங்குகிறது

பேரி குளிர்தேசத்து மரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபியோடு சேர்ந்து இந்த மலைக்கு வந்தது. குளிர்தேசத்து மரங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சுமார் 7 டிகிரிக்குக் கீழான குளிர் இத்தனை மணி நேரம் பட்டால்தான் மொக்கு சரியாக விழிக்கும். ஐரோப்பிய ரகங்கள் பலவற்றுக்கு அது 800, 1,000 மணி நேரம்கூட ஆகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் பனி விழும், விரல் விறைக்கும், ஆனால் அவ்வளவு குளிர் கிடையாது. அதனால்தான் குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்கள் மட்டும் இங்கே நிலைத்தன. கீஃபர் அப்படிப்பட்ட ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சீன மணல் பேரியும் பார்ட்லெட் பேரியும் கலந்து பிறந்த ரகம் அது. கடித்தால் நறநறக்கும், ஆனால் மரம் கெட்டி.

குளிர் போதாத வருஷங்களில் மரம் ஒரே சமயத்தில் விழிக்காது. ஒரு கிளை பூத்துக்கொண்டிருக்கும், பக்கத்துக் கிளை மொட்டையாக நிற்கும். அது நோய் இல்லை, பதற வேண்டாம். ஆனால் இதிலிருந்து வேலைக்கு ஒரு விதி கிடைக்கிறது. கார்த்திகையிலேயே கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டி எடுப்பது, செய்யாதீர்கள். மழை முடியுமுன் வெட்டினால் காயம் நனைந்து பூஞ்சை பிடிக்கும். நடுவே நான்கு நாள் வெயில் அடித்தால் வெட்டிய இடத்தில் இளந்தளிர் கிளம்பிக் கருகும். மார்கழி நடுவில் தொடங்கி, தை இரண்டாம் வாரத்துக்குள் முடிப்பதே நம் மலைக்குச் சரி.

முதல் வேலை: சுற்றி வந்து எழுதுவது

கார்த்திகைக் கடைசியில், பனி விலகிய முற்பகலில், ஒரு நோட்டும் கொஞ்சம் பெயிண்டும் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்குங்கள். மரங்களுக்கு எண் இல்லையென்றால் இந்த வருஷமே போட்டுவிடுங்கள். மேற்குப் பக்கம், இடுப்பு உயரத்தில், எல்லா மரத்திலும் ஒரே இடத்தில்.

ஒவ்வொரு மரத்தையும் முழுச் சுற்று சுற்றி வந்து நான்கு விஷயங்களை எழுதுங்கள்: போன பருவத்தில் எவ்வளவு காய்த்தது, எந்தப் பக்கம் வெளிச்சம் புகவில்லை, பட்டையில் என்ன காயம், எந்தக் கிளை போக வேண்டும். போக வேண்டிய கிளையில் ஒரு பெயிண்ட் பொட்டு வையுங்கள், அன்றைக்கே வெட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்து பாருங்கள். பொட்டு வைத்ததில் சிலதை அழிக்கத் தோன்றும். அந்த ஒரு வார இடைவெளி பல கிளைகளைக் காப்பாற்றும்.

கிளையில் காய்ந்து தொங்கும் பழைய பிஞ்சுகளைப் பறித்துக் கூடையில் போடுங்கள். அவற்றுக்குள் பூஞ்சை குளிர்காலம் முழுக்க இருக்கும். கீழே கிடக்கும் பேரி இலையைக் கூட்டிக் குழியில் மூடிவிடுங்கள். இலைப்புள்ளி வந்த தோட்டமாக இருந்தால் இதைத் தவற விடவே கூடாது. மரத்தடி மண்ணை மேலாகக் கிளறிவிட்டால் பழ ஈயின் கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலிலும் பறவைகளிடமும் மாட்டும்.

ஆள் கணக்கு

மார்கழி, தையில் மலை முழுக்கக் காபிப் பறிப்பு நடக்கும், பின்னாலேயே மிளகும் வரும். உங்களிடம் காபியும் இருந்தால் நீங்களே களத்துக்கும் தோட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். கவாத்து தெரிந்த ஆளைக் கார்த்திகையிலேயே பேசி வையுங்கள். அது முடியாவிட்டால் இந்த வருஷம் பாதி மரங்களை மட்டும் நீங்களே நன்றாகச் செய்யுங்கள். ஒரு வருஷம் கவாத்து இல்லாத பேரி தாங்கிக்கொள்ளும். தப்பாக வெட்டிய பேரி தேற நான்கைந்து வருஷம் ஆகும்.

கருவிகள்

கவாத்துக் கத்தரி, வளைந்த கவாத்து ரம்பம், நீளக் கைப்பிடிக் கத்தரி, ஏணி. இவ்வளவுதான். கத்தரியைக் கழற்றித் துருவைத் தேய்த்து, சாய்வாக இருக்கும் பக்கத்தை மட்டும் சாணைக்கல்லில் தீட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். தட்டையான பக்கத்தைத் தீட்டினால் அலகு ஒட்டாது, பட்டை நசுங்கும். விரல் மொத்தத்துக்கு மேற்பட்ட கிளைக்குக் கொடுவாள் வேண்டவே வேண்டாம். ஓங்கி வெட்டினால் கட்டை பிளக்கும், பிளவில் தண்ணீர் நிற்கும். ஈரத்தில் கிடந்த மர ஏணியின் படிகளை மிதித்துப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

கவாத்து

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பேரிக் கிளையைக் கையில் பிடித்துக் கிட்டத்தில் பாருங்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, சுருக்கம் விழுந்த, வளையம் வளையமாகத் தழும்பு கொண்ட குட்டைக்கிளைகள் பக்கவாட்டில் இருக்கும். போன பருவத்தில் காய் தொங்கிய இடம் லேசாக வீங்கி, காம்பு கழன்ற வட்டத் தழும்போடு தெரியும். அதன் ஓரத்தில் உருண்டு பருத்த மொக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் பூ மொக்கு. அந்த ஒரு மொக்குக்குள் ஒரு கொத்துப் பூவும் சில இலைகளும் மடிந்து கிடக்கின்றன. இலை மொக்கு இதைவிடச் சிறியது, ஒல்லியாக, கூர்மையாக, கிளையோடு ஒட்டியிருக்கும். பேரி புதுத் தளிரில் காய்க்காது. இரண்டு வயது தாண்டிய கட்டையில் இருக்கும் இந்தக் குட்டைக்கிளைகளில்தான் காய்க்கும். ஒரே குட்டைக்கிளை பல வருஷம் காய்க்கும். வழக்கமாகக் கூலிக்கு வருபவர்கள் 'சுத்தம்' செய்கிறோம் என்று வழித்துத் தள்ளுவது இவற்றைத்தான். மரம் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஆடியில் காய் இருக்காது.

வரிசை இது. முதலில் செத்த கிளை, நோய்பட்ட கிளை. இவற்றை நல்ல கட்டை வரும்வரை பின்வாங்கி வெட்டுங்கள், வெட்டிய முகத்தில் பழுப்பு வளையம் தெரியக் கூடாது. அடுத்து, ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் பலவீனமான ஒன்று. பிறகு நீர்ப்போத்துகள், அதாவது பருத்த கிளைகளின் முதுகிலிருந்து நேர் செங்குத்தாக ஆள் உயரத்துக்குக் கிளம்பி நிற்பவை. இவற்றை அடியோடு எடுங்கள். நடுவில் வெட்டினால் ஒன்றுக்கு நான்காகக் கிளம்பும். ஆனால் மரத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்து அங்கே சாய்வாக ஒரு போத்து போயிருந்தால் அதை விட்டுவைக்கலாம், நாளைக்கு அது கிளையாகும். கடைசியாக, வெளிச்சம் நடுவில் இறங்குகிறதா என்று பாருங்கள். நடு திறந்திருக்க, மூன்று நான்கு பெருங்கிளைகள் சுற்றிலும் விரிந்திருக்கும் வடிவமே நம் மூடுபனிக்கு ஏற்றது, ஈரம் சீக்கிரம் காயும்.

கீழே நின்று பார்ப்பவர் ஒருவர், மேலே வெட்டுபவர் ஒருவர் என்று இருவராகச் செய்தால் வேலை நேராக வரும். "அண்ணே, அந்த மேப்போத்த எடுத்துட்டா கெழக்க வெளிச்சம் வந்துருமுங்க" என்று கீழிருந்து வரும் குரலை மதியுங்கள். ஏணியில் இருப்பவருக்கு மரம் முழுதாகத் தெரியாது.

கைப்பிடி மொத்தமுள்ள கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழ்ப்புறத்தில் கால்வாசி அறுங்கள். அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிச்சமிருக்கும் முண்டை, அடிமரத்தோடு சேரும் இடத்தில் உள்ள சுருங்கிய வளையத்துக்கு வெளியே ஒட்டி அறுங்கள். அந்த வளையம்தான் காயத்தை மூடும் பட்டையை வளர்க்கிறது, அதை அறுத்தால் காயம் மூடாது. முண்டு நீளமாக விட்டால் அது செத்து அழுகல் உள்ளே இறங்கும்.

தாத்தா காலத்து உயர மரங்களை ஒரே வருஷத்தில் இறக்க நினைக்காதீர்கள். மொத்தக் கிளையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் மரம் அடுத்த மழைக்கு நீர்ப்போத்தாகவே வளரும். மூன்று குளிர்காலங்களுக்குப் பங்கு போட்டு இறக்குங்கள். நோய்பட்ட மரத்தை வெட்டியபின் அடுத்த மரத்துக்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

பட்டை வைத்தியம்

ஏற்காட்டு ஈரத்தில் அடிமரம் முழுக்கப் பாசி படரும். தேங்காய் நாரால் அல்லது சாக்குத் துணியால், ஈரம் இருக்கும்போது லேசாகத் தேய்த்தெடுங்கள். கம்பித் தூரிகை பட்டையைப் புண்ணாக்கும். தேய்க்கும்போது துளைகள் தெரியவரும். துளை வாயில் மரத்தூள் இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. வளையும் கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண்ணால் பூசுங்கள்.

பிறகு போர்டோ, அதாவது பூஞ்சையைத் தடுக்கும் மயில்துத்தம், சுண்ணாம்புக் கலவை. 1880களில் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் கண்டுபிடித்த இந்தக் கலவைக்கு இன்றும் மலைத்தோட்டத்தில் மாற்று குறைவு. தெளிப்பதற்கு ஒரு சதக் கலவை: 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ நீற்றாத சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் டிரம் அல்லது மண்பானை மட்டும், இரும்பு கூடாது. தீட்டிய கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

வெட்டுக் காயத்துக்கும் அடிமரத்துக்கும் பசை: அதே ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, தண்ணீர் மட்டும் மொத்தம் 10 லிட்டர். கவாத்து முடிந்த அன்றே பூசினால்தான் பலன். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், துத்தம் கண்ணில் பட்டால் கெடுதல். பசை மிஞ்சினால் கமலா ஆரஞ்சு மரங்களின் தூருக்கும் முழங்கால் உயரத்துக்குப் பூசலாம். ஆரஞ்சு இலை உதிர்க்காத மரம், பேரியைப் போல உறங்காது. ஆனால் மழைக்குப் பின் அதன் தூரில் பட்டை வெடித்துப் பிசின் வடிவது நம் மலையில் பழைய தொல்லை. தூரைச் சுற்றி மண் ஏறியிருந்தால் முதலில் அதை விலக்குங்கள்.

மண்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண். எவ்வளவு புளிப்பு என்று தெரியாமல் சுண்ணாம்பு போடுவது காசுக்கும் கேடு, மரத்துக்கும் கேடு. இந்த மாதங்களில் மண்ணை எடுத்துச் சேலத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள். பழ மரத்துக்கு மேல்மண் மட்டும் போதாது. 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே எடுத்து, பல இடத்து மண்ணை அந்தந்த ஆழத்தோடு கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவில் தனித்தனிப் பையில் எழுதிக் கட்டுங்கள். உரம் போட்ட இடத்திலும் எருக்குவியல் கிடந்த இடத்திலும் எடுக்காதீர்கள்.

தொழுஉரம் மரத்துக்கு 25 கிலோ. அதைத் தூரில் கொட்டாமல், கிளை விரிந்து முடியும் இடத்துக்கு நேர் கீழே வட்டமாகச் சிறு பள்ளம் எடுத்துப் போட்டு மூடுங்கள், உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது. மக்கிய காபித் தோல் கிடைத்தால் மேலே பரப்பலாம்.

ஒட்டுக்குச்சி

பேரிக்குத் தன் மகரந்தம் பெரும்பாலும் ஒத்துவராது. தோட்டம் முழுக்க ஒரே ரகம் நின்றால் பூ கொட்டும், பிஞ்சு தங்காது. 'என் மரம் வெள்ளையாகப் பூக்கிறது, காய்க்க மாட்டேன் என்கிறது' என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புதுக் கன்று நட்டுப் பல வருஷம் காத்திருப்பதைவிட, ஒரு மரத்தில் ஒரு கிளையில் வேறு ரகத்துக் குச்சியை ஒட்டி அந்தக் கிளையை வேறு ரகமாக மாற்றிவிடலாம்.

அதற்கான குச்சியை மரம் உறங்கும் இப்போதே எடுக்க வேண்டும். அதே சமயத்தில் பூக்கும் வேறு ரகத்து மரத்தை அக்கம்பக்கத் தோட்டங்களில் விசாரியுங்கள். போன வருஷம் விட்ட, வெயில் படும் பக்கத்து, பென்சில் மொத்தக் குச்சிகளாக எடுங்கள். நீர்ப்போத்து வேண்டாம், அது காய்ப்புக்கு வர நாள் பிடிக்கும். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, ரகத்தின் பெயரை எழுதி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அதே ஃபிரிட்ஜில் ஆப்பிளோ வாழைப்பழமோ வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு மொக்கைக் கொன்றுவிடும்.

தை கடைசியில், மரத்தில் நீரோட்டம் தொடங்கும்போது ஆப்பு ஒட்டு. மூன்று நான்கு செ.மீ. மொத்தக் கிளையைத் தட்டையாக அறுத்து, நடுவே ஒரு கட்டைவிரல் ஆழத்துக்குப் பிளந்து, ஆப்பாகச் சீவிய இரண்டு குச்சிகளைப் பிளவின் இரு ஓரங்களிலும் செருகுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய பச்சை அடுக்கு இரண்டிலும் ஒன்றோடொன்று தொட வேண்டும். வெளிப்பட்டை சமமாக இருக்கிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள். கிளையின் பட்டை தடிமனானது, அதனால் குச்சி சற்று உள்ளே தள்ளித்தான் உட்காரும். பாலிதீன் நாடாவால் இறுக்கி, மேல்முகத்தைத் தேன்மெழுகாலோ சாணமும் களிமண்ணும் பிசைந்த பூச்சாலோ காற்றுப் புகாமல் மூடுங்கள்.

தேன்பெட்டி

வேறு ரகம் இருந்தும் தேனீ இல்லையென்றால் பயனில்லை. நம் மலைக்கு ஏற்றது பெட்டியில் வளர்க்கும் நாட்டு இனமான அடுக்குத் தேனீ. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்க வைரஸ் நோயில் கூட்டம் கூட்டமாக அழிந்து, பிறகு மெல்ல மீண்ட இனம் அது. குளிரில் பூ குறைவு, கூட்டில் தீனி குறையும். வெயில் அடிக்கும் நடுப்பகலில் மட்டும் பெட்டியைத் திறங்கள், பனிக்காலையில் திறந்தால் புழுக்கள் குளிர்ந்து சாகும். கறுத்துப்போன பழைய அடைகளை எடுத்துவிடுங்கள், மெழுகுப் பூச்சி அங்கேதான் குடியேறும். தேன் இல்லையென்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கரைத்த பாகை மாலையில் வையுங்கள். பெட்டிக் கால்களை எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மாசிப் பூவுக்குக் கூட்டம் பலமாக இருக்க வேண்டுமானால் தையில் கவனிக்க வேண்டும். பேரி முடிந்ததும் கோடை மழைக்குக் காபி பூக்கும், தேன் அப்போது சேரும்.

வேலை இல்லாத நேரம்

மூடுபனி நாள் முழுக்க விலகாத தினங்கள் வரும். அன்றைக்குத் தெளிக்கவோ வெட்டவோ கூடாது. வரவு செலவுக் கணக்கை அன்று முடியுங்கள். கூடைக்கூலி, வண்டிக்கூலி, கமிஷன் போகக் கிலோவுக்குக் கையில் என்ன நின்றது என்று ரகவாரியாக எழுதிப் பாருங்கள். வேலியில் காட்டெருமை புகுந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கும், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போக மனமிருந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒரு முறை போய்வாருங்கள். அறுவடைக் காலத்தில் கேள்வி கேட்க உங்களுக்கு நேரம் இருக்காது. இலைப்புள்ளி, பட்டைக்காயம் எதுவானாலும் பையில் எடுத்துப்போய்க் காட்டிக் கேட்பது நல்லது. வாயால் விவரித்தால் பாதி தவறும்.

மற்ற தோட்டங்களுக்குப் போவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். நாகலூர்ப் பக்கமோ வெள்ளக்கடைப் பக்கமோ பேரி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய், அவர் களத்தில் காயும் காபியைக் கிளறியபடி ஒரு மணி நேரம் பேசுங்கள், அவர் மரங்களைச் சுற்றி வாருங்கள். குச்சி கேளுங்கள், உங்களுடையதைக் கொடுங்கள். இந்த மலையில் ரகங்கள் பரவியது இப்படித்தான். பொங்கலுக்கு வரும் பிள்ளைகளையும் ஒரு நாள் கவாத்துக்குக் கூட்டிக்கொள்ளுங்கள், பூ மொக்கு எது இலை மொக்கு எது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். இதற்கெல்லாம் நடுவில் மதியம் போர்த்திக்கொண்டு தூங்கினாலும் தப்பில்லை. ஆடி வந்தால் அந்தத் தூக்கம் கிடைக்காது.

எப்போது நிறுத்துவது

தை இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் ஒரு மரத்தின் மொக்கையாவது பாருங்கள். செதில் தளர்ந்து, இடுக்கில் வெளிர்பச்சை தெரிந்தால் மரம் விழித்துவிட்டது. அதற்கு முன்பே போர்டோ தெளித்து முடித்திருக்க வேண்டும், பூவில் துத்தம் பட்டால் கருகும். அதற்குமேல் கவாத்து வேண்டாம், விட்டுப்போன கிளையை நோட்டில் எழுதி அடுத்த மார்கழிக்கு வையுங்கள். முதல் பூக்கள் விரியும்போது தேன்பெட்டிகளைப் பேரி மரங்களுக்கு நடுவே, வாசல் கிழக்குப் பார்க்க வையுங்கள். பிஞ்சு பிடிக்கும்வரை பூச்சிமருந்து எதுவும் தெளிக்காதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.